ராவுத்தர் இறங்கிய நாற்காலி

பட்டறைச் சுவரில் கப்பியோடும் வடத்தோடும் தொங்குகிற அந்த நாற்காலியைப் பற்றி, புதிதாக வேலைக்கு வருகிற எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறீர்கள். ஒருத்தர் ஊஞ்சலா என்கிறார். இன்னொருத்தர் சினிமாவுக்குச் செய்ததா என்கிறார். போன மாதம் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளைதான் உருப்படியாகக் கேட்டாள்: "இதுக்கு ஏன் சேட்டா கால் இல்லை?" கால் இல்லாத நாற்காலியை எந்தத் தச்சனாவது செய்வானா? நாங்கள் செய்தோம். நான் ஓய்வுபெற்றவன். தினமும் இந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்து உங்கள் வேலையில் நொட்டை சொல்வதைத் தவிர எனக்கு இங்கே ஒரு சோலியும் கிடையாது. இன்றைக்கு ஒரு நாள் அதை விட்டுவிட்டு அந்த நாற்காலியின் கதையைச் சொல்கிறேன். சாயாவைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

இந்தப் பட்டறையை என்னோடு சேர்ந்து தொடங்கிய ஆளை மட்டாஞ்சேரி முழுக்கப் 'பட்டாளம்' என்றுதான் கூப்பிடும். ராணுவத்தில், ஆற்றுக்குக் குறுக்கே அவசரப் பாலம் போடுகிற பிரிவில் தச்சராக இருந்துவிட்டு வந்தவர். எங்கள் இரண்டு குடும்பங்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ கொச்சிக்கு வந்தவை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். பட்டாளத்துக்கு மட்டும் மூன்றாவதாக ராணுவத்து இந்தியும் உண்டு. அது வெளியே வந்தால் பட்டறையில் பூனைகூட நிற்காது.

காலையில் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டுத்தான் உளியைத் தொடுவார். சாயங்காலம் கோயில் மணி அடித்தால் உளியைக் கீழே வைத்துவிடுவார். வீட்டுக்குப் போய் மனைவியோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல வேண்டும். என்ன அவசர வேலை என்றாலும் இதில் மாற்றமில்லை. ஒருமுறை எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டல். மறுநாள் திறப்புவிழா, மந்திரி வருகிறார், கல்லாப்பெட்டி மேசை பாதியில் நிற்கிறது. மணி அடிக்கிற நேரத்துக்கு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலாளி குதிக்கிறார். இவர் நிதானமாக, "ஜெபம் முடிஞ்சு வந்துர்றேன் முதலாளி. அதுக்குள்ள மந்திரி வந்துட்டா ஒரு சாயா கொடுத்து உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்துவிட்டார். திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டது நான்தான்.

சொன்னபடி திரும்பி வந்தார், இரண்டு பேருக்கும் சாப்பாட்டோடு. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அப்படி என்ன ஜெபம், ஒரு நாள் விட்டா சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எடோ, ஜெபமாலையில ஒரு பாதியை ஒருத்தர் சொல்லணும், மறுபாதியை மத்தவங்க சொல்லணும். நான் எல்லையில கிடந்த காலத்துல கைக்குழந்தைங்களை வச்சுக்கிட்டு இவ ரெண்டு பாதியையும் தானே சொல்லியிருக்கா. இனி என் பாதியை நான் சொல்ல வேண்டாமா?" அதற்கப்புறம் மணி அடித்தால் அவர் சட்டையை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற தொண்டர் குழுவோடு கிளம்பிவிடுவார். பாலியேட்டிவ் என்று நீங்கள் எல்லாம் சொல்கிறீர்களே, அதுதான். நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்வார், இவர் கட்டிலின் காலை உயர்த்துவார். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கட்டை, சாய்ந்து உட்கார ஒரு பலகை என்று வீட்டுக்கு வீடு ஏதாவது வேலை இருக்கும். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அப்படித்தான் கொச்சங்காடித் தெரு ராவுத்தர் எங்களுக்குப் பழக்கம்.

ராவுத்தர் குடியிருந்தது ஒரு பழைய கிடங்கின் மாடியில். கீழே சுக்கும் மிளகும், மேலே மரத்தளம் போட்ட மச்சு வீடு. அந்தக் காலத்தில் அந்த மச்சும் கிடங்குதான். தெருவைப் பார்த்து மாடியிலேயே ஒரு பெரிய வாசல் இருக்கும், அதற்கு மேலே கப்பி மாட்ட ஒரு உத்திரம் நீட்டிக்கொண்டிருக்கும். சாக்குகளை ஏற்றி இறக்கத்தான். ராவுத்தர் சுமைத் தொழிலாளிகளுக்குத் தலைவராக அந்த வாசலில் நின்று கூவினவர். கயிற்றை எப்போது விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று மேலே நின்று அவர் கூவுவார், கீழே நிற்கிற ஆட்கள் பதில் குரல் கொடுப்பார்கள். அடுக்கி வைத்த சாக்குகள் ஒரு நாள் சரிந்து அவர் முதுகில் விழுந்தன. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வேலை போனபின் தான் கூவின மச்சிலேயே வாடகைக்குக் குடியேறினார். வாடகை குறைவு, வேறு போக்கிடமும் இல்லை.

அந்த வீட்டுப் படி இருக்கிறதே, அது ஏணிக்கு அண்ணன், அவ்வளவுதான். ஆள் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருத்தர் அவரை முதுகில் சுமந்து இறங்கி, இரண்டு பேரும் உருண்டு, ராவுத்தருக்குக் கையும் முறிந்தது. அன்றோடு இறங்குவது நின்றுபோனது. டாக்டர், நர்ஸ், நாங்கள் எல்லாரும் அவரிடம் மேலே போனோம்.

அவருடைய ஒரே மகள் எர்ணாகுளத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். நிக்காஹ் நிச்சயமானதும் நேரே பட்டறைக்கு வந்தாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. "பட்டாளம் மாமா, நிக்காஹ் அன்னிக்குப் பொண்ணோட அத்தாதான் மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக் கொடுக்கணும். அத்தாவால மண்டபத்துக்கு வர முடியாதுன்னு அத்தாவோட தம்பி, எங்க சின்னத்தா நிக்கட்டும்னு பேசி முடிச்சுட்டாங்க. சின்னத்தா நல்லவருதான். ஆனா எனக்கு எங்கத்தாதான் நிக்கணும். எப்படியாச்சும் அவரைக் கீழ இறக்கித் தாங்க மாமா" என்றாள். பேச்சு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

பட்டாளத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பாலம் போட்ட ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மாடி வாசல் இருக்கிறது, உத்திரம் இருக்கிறது, கப்பி போட்டால் போதும். அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசலின் அகலம், உயரம், உத்திரத்தின் உறுதி எல்லாம் அளந்தோம். ராவுத்தர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சின்ன வேலை ராவுத்தரே" என்றதோடு சரி. நாற்காலிக்குக் கால் இருந்தால் வாசல் விளிம்பில் தட்டும் என்று கால் இல்லாமலே செய்தோம். கீழே இறங்கியதும் உருளைகள் வைத்த ஒரு சட்டத்தில் பூட்டிக்கொள்ளலாம். தேக்குக் கை, துணி மெத்தை, நெஞ்சுக்குப் பட்டை. அடடா, என்ன ஒரு வேலைப்பாடு! நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

ஒரு காலையில் சோதனை. முதலில் ஒரு அரிசி மூட்டையை உட்கார வைத்து இறக்கினோம். தெருவே கூடிவிட்டது. அப்புறம் நான் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பையன் போனில் படம் பிடிக்கிறான், யாரோ, "அடுத்த சாக்கு வரட்டே!" என்று மலையாளத்தில் கத்த, தெரு முழுக்கச் சிரிப்பு. நானும் மாப்பிள்ளை மாதிரி கையாட்டிக்கொண்டே இறங்கினேன். மேலே கட்டிலில் இருந்து ராவுத்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டாளம் மேலே போய், "எப்படி ராவுத்தரே, பட்டு மாதிரி இறங்குச்சா?" என்று கேட்டார். ராவுத்தர் மாடி வாசலைக் கைகாட்டினார்.

"நீங்க நல்லது நெனச்சுத்தான் செஞ்சீங்க பட்டாளமே. ஆனா இந்த வாசல்ல நின்னு நான் எத்தனை சாக்கு இறக்கியிருக்கேன்னு கொச்சங்காடிக்கே தெரியும். இப்ப என் மகள் கல்யாணத்தன்னிக்கு, சம்பந்தி வீட்டுக்காரங்க அண்ணாந்து பாத்துட்டு நிக்க, நானும் ஒரு சாக்கா இறங்கணுமா? எனக்கு வேண்டாம். தம்பியே நிக்கட்டும்."

மகளுக்குப் பொறுக்கவில்லை. "என் கல்யாணத்தைவிட உங்க வீறாப்புதான் பெரிசா அத்தா?" என்று கேட்டுவிட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிக்காஹுக்கு நாள் நெருங்கிவிட்டது. அந்த வீட்டில் தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். பிடிவாதம், கொழுப்பு, நன்றி கெட்டதனம் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கூடவே நடந்து வந்த பட்டாளம் மீன் சந்தைத் திருப்பத்தில் நின்றார். "எடோ, நாம எல்லாத்தையும் அளந்தோம். அவரை ஒரு வார்த்தை கேக்கலையே."

"அதான் மகள் வந்து கேட்டாளே!"

"இறங்கப் போறது மகளா?" என்றார். பட்டாளம் அன்றைக்கு மணி அடிக்கும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். பாலம் கட்டத் தெரிந்தவர்கள் செய்கிற பிழை இது பிள்ளைகளே. ஆறு கண்ணில் பட்டதும் மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அக்கரைக்குப் போக வேண்டியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்தவர், டேப்பைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ராவுத்தரின் கட்டில் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நாற்காலியை விடுங்க ராவுத்தரே. நிக்காஹ் அன்னிக்கு நீங்க எப்படி இருக்கணும்னு ஆசைப்படுறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ராவுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என் வீட்டுல, என் பாயில சாஞ்சு உக்காந்து, வர்றவங்களை வாங்க வாங்கன்னு கூப்பிடணும். மாப்பிள்ளை என்கிட்ட வரணும். நான் போய் யார் முன்னாடியும் இறங்கி நிக்கக் கூடாது. நடக்கிற காரியமா அதெல்லாம்?"

"நடக்கும்" என்றார் பட்டாளம். சொல்லிவிட்டுத்தான் தரையைப் பார்த்தார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். கிண்ணென்று கேட்க வேண்டியது தொம்மென்று கேட்டது.

கீழே கிடங்குக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். கூரை ஒழுகி ஒழுகி, மச்சுத் தளத்தைத் தாங்குகிற நடு உத்திரம் உளுத்துப்போயிருந்தது. கரையான் வேறு. ஒரு குடும்பம் புழங்கத் தாங்கும். ஒரு கல்யாணக் கூட்டம் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. நான் வேண்டாம் என்றேன். பட்டாளம், "முட்டுக் கொடுப்போம்" என்றார். கிடங்குக்காரர் சம்மதித்தார். ராவுத்தரிடம் வேலை பார்த்த பழைய சுமைத் தொழிலாளிகள் தாங்களாகவே வந்து சுக்கு மூட்டைகளை ஓரமாக அடுக்கிக் கொடுத்தார்கள். நடு உத்திரத்துக்குக் கீழே வரிசையாகத் தூண்களை நிறுத்தி, ஆப்பு அடித்து இறுக்கினோம். பள்ளிவாசல் உஸ்தாது படியைப் பார்த்துவிட்டு, "நிக்காஹ் எங்க வச்சாலும் நிக்காஹ்தான். இதுல ஏற என் முட்டி சம்மதிக்கணும், அவ்வளவுதான்" என்று சிரித்தார். மேலே பெரியவர்கள் மட்டும் வருவது, விருந்து மண்டபத்தில் என்று சம்பந்தி வீட்டில் பேசி முடித்தார்கள்.

பெரியவர்கள் மட்டும் என்றால் கல்யாண வீட்டில் யார் கேட்கிறார்கள்? அன்றைக்கு மாப்பிள்ளையின் மாமன், மாமன் மகன், அவன் கூட்டாளிகள் என்று எல்லாரும் படியில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். நானும் பட்டாளமும் கீழே கிடங்கில் தூண்களுக்கு நடுவே நின்றோம். மேலே காலடிச் சத்தம் கூடக் கூடப் பலகை இடுக்கில் இருந்து தூசி கொட்டியது. திடீரென்று நடுத் தூண் முனகியது. ஆப்பு ஒன்று ஒரு நூல் அளவு வெளியே நகர்ந்தது.

"எல்லாரும் இறங்குங்கன்னு கத்தட்டுமா?" என்றேன்.

"கத்தினா அத்தனை பேரும் ஒரே நேரத்துல படிக்கு ஓடுவாங்க. நடு மச்சு அப்பதான் போகும்." பட்டாளம் சுத்தியலால் ஆப்பை மெதுவாகத் தட்டி உள்ளே இறக்கிக்கொண்டே பேசினார், குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நீ மேல போ. யாரையும் பயமுறுத்தாதே. எல்லாரையும் சுவரோரமா உக்கார வை. நடுவுல ஒருத்தரும் நிக்கக் கூடாது."

"நீங்க?"

"நான் இங்கதான்."

அந்தத் தளம் இறங்கினால் அவர் தலையில்தான் இறங்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் படியில் ஏறினேன். அங்கே ராவுத்தர் சுவரோரம் பாயில் சாய்ந்து, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகச் சுல்தான் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை அவர் முன்னால். மற்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க நடு மச்சில் முட்டி மோதி நிற்கிறார்கள். என்ன சொல்லி நகர்த்துவது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "போட்டோக்காரர் ரொம்ப நேரமா சொல்றார்! நடுவுல நிக்கிறவங்க முதுகு மட்டும்தான் ஆல்பத்துல வருமாம்! முகம் வரணும்னா எல்லாரும் சுவரோரமா உக்காருங்க!"

அடுத்த நிமிஷம் நடு மச்சு காலி. போட்டோக்காரர் மட்டும் என்னை முறைத்தார். அந்த மாமன் சட்டைப் பையில் இருந்து சீப்பை எடுத்துவிட்டார். நான் கீழே இறங்கிவந்தேன்.

தூண் முனகல் நின்றிருந்தது. பட்டாளம் ஒரு உள்ளங்கையைத் தூணில் வைத்திருந்தார், மறு கையில் ஜெபமாலை. உதடு அசைந்துகொண்டிருந்தது. மேலே உஸ்தாது ஓதுவது கேட்டது. பிறகு ராவுத்தரின் குரல். என் மகளை உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று அவர் சொன்னது மச்சைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும். சாக்கு இறக்கின காலத்துக் குரல் அது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். கூட்டம் ஆமீன் சொன்னது. கீழே சுக்குத் தூசியில் நின்றுகொண்டு பட்டாளமும் ஆமென் சொன்னார். அப்புறம் அழுதார். ராணுவத்துக்காரர், ஆனால் மறைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

கூட்டம் மண்டபத்துக்குக் கிளம்ப ஆரம்பித்தது. எல்லாம் முடிந்தது என்று நான் ஆப்பை எண்ணிக்கொண்டிருக்கிறேன், மேலேயிருந்து தரையில் கம்பால் தட்டுகிற சத்தம். பலகை இடுக்கு வழியாக ராவுத்தர் குரல் வந்தது. "பட்டாளமே! அந்த நாற்காலி எங்க இருக்கு?"

"இங்கதான் மூலையில கிடக்கு ராவுத்தரே."

"மேல கொண்டு வாங்க. என் மகள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல நான் மேலயிருந்து கையாட்ட மாட்டேன்."

கொண்டுபோனோம். தூக்கி உட்கார வைக்குமுன் அவர் விரலை நீட்டினார். "ஒரு விஷயம். கூவுறது நான். நான் சொல்லாம கயிறு ஒரு விரக்கடை நகரக் கூடாது." பட்டாளம் விறைப்பாக நின்று, "யெஸ் சார்!" என்றார். பட்டறையில் கட்டளை போட்டுத்தான் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். கட்டளை வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் என்ன சந்தோஷமாக!

கீழே கயிற்றைப் பிடிக்க ராவுத்தரின் பழைய ஆட்கள் வந்து நின்றார்கள், முன்னால் பட்டாளம். மாடி வாசலில் நாற்காலி வெளியே வந்தது. தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. "தாழ்த்து!" என்று ராவுத்தர் கூவினார். "தாழ்த்தியாச்சு!" என்று அத்தனை பேரும் பதில் கொடுத்தார்கள். "மெல்ல!" "மெல்ல!" "நில்லு!" "நின்னாச்சு!" பாதி வழியில் அந்தரத்தில் நிறுத்தச் சொல்லி, போனை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கிய பையனைப் பார்த்து, "எடுடா, நல்லா எடு. காலர் சரியா இருக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் தெரு சிரித்தது. அன்றைய சிரிப்பை அவர்தான் ஆரம்பித்து வைத்தார். கீழே மணக்கோலத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி தரையைத் தொட்டதும் அவர் மடியில் முகம் புதைத்தாள். "வீறாப்பு என் சொத்துடி, அதையும் உனக்கே எழுதி வச்சுட்டேன்" என்று அவள் தலையில் கை வைத்தார். அன்றைக்கு மண்டபத்தில் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் அந்த நாற்காலி எத்தனையோ மச்சுகளுக்குப் போயிருக்கிறது. இறங்குகிறேன் என்றவர்களை இறக்கினோம். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தோம்.

போன தவக்காலத்தில் பட்டாளம் போய்விட்டார். அவரைக் கடைசியாகப் பார்க்க இறங்க வேண்டும் என்று ராவுத்தர் ஆள் அனுப்பினார். நாற்காலியோடு போனேன், அவரே கூவி இறங்கினார். வடத்தில் முன்னால் நின்றது நான். பதில் குரல் கொடுப்பதை மற்றவர்களிடம் விட்டுவிட்டேன். பட்டாளத்தின் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி ஜெபமாலையை எடுத்துத் தன் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒரு கணம்தான். பிள்ளைகளும் பாலியேட்டிவ் ஆட்களும் முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் மறுபாதியைச் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் எப்படித் தெரியும் என்று தெரியவில்லை, நானும் சொன்னேன். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டு கைகளை ஏந்தி உட்கார்ந்திருந்தார்.

சரி, சாயா கிளாஸைக் கழுவி வையுங்கள். நாளைக் காலையில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். மாடியில் ஒரு டீச்சரம்மா படுக்கையில் இருக்கிறார். அவர் மகன் வந்து அம்மாவை எப்படி இறக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொன்னது இருக்கட்டும். நீங்கள் போய் முதலில் டீச்சர் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். இறங்க வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால், கூவத் தெரியுமா என்றும் கேளுங்கள். டேப்பை நான் மத்தியானம் கொண்டுவருகிறேன்.